சார், அந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணினா ஒண்ணும் வரலையே!

பள்ளிக்கூடமும் செல்போனும்: இந்த வாரம் மண்ணூர்பேட்டையிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகள்.

ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா, மண்ணூர்பேட்டை: பாடப்புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறது. ஜிபேயில் ஸ்கேன் செய்தேன். ஒன்றும் வரவில்லையே?

பணம் போகாமல் இருந்ததே, அதற்குச் சந்தோஷப்படுங்கள். 2018-ல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம் வந்தபோது கூடவே முதன்முதலாக வந்த கட்டம் அது. 'திக்‌ஷா' செயலியை இறக்கி, அதற்குள் இருக்கும் ஸ்கேனரைக் காட்டுங்கள். அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ திறக்கும். பையன் கட்டத்துக்கு மீசை வரைந்து வைத்திருந்தால், கீழே எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அதைத் தட்டினாலும் போதும். வைஃபை கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், டேட்டா தீர்ந்த ராத்திரியிலும் ஓடும்.

அரசுப் பள்ளி கணக்கு ஆசிரியை, அம்பத்தூர்: வகுப்பில் 45 பிள்ளைகள். இருப்பது என் ஒரே போன். இதில் என்ன தொழில்நுட்பம் காட்ட முடியும்?

தாராளமாக முடியும் டீச்சர். 'பிளிக்கர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கையில் போன் வேண்டாம், காகித அட்டை போதும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில். கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். தன் விடை மேல்பக்கம் வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்குவார்கள். உங்கள் போன் கேமராவை வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை காட்டினால், யார் எதைத் தூக்கினார் என்று பெயரோடு வந்துவிடும். ஆளுக்கொரு வடிவம் என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்ப முடியாது. 40 அட்டைத் தொகுப்பும் உண்டு, 63-ம் உண்டு. உங்களுக்கு 63.

ஆனால் யார் சரி என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தவறு எங்கே குவிகிறது என்று பாருங்கள். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் பாதி வகுப்பு 2/5 என்று தூக்குகிறதா? மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டியிருக்கிறார்கள். அன்றைய பாடத்தை மூடிவிட்டு ஒரு சப்பாத்தியை வெட்டிக் காட்டுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சு மட்டும் தூக்கும். அட்டையைத் தூக்கச் சொன்னால் கடைசி பெஞ்சும் மாட்டும். பளபள லேமினேஷன் மட்டும் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமரா தடுமாறும்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர், பாடி: நாங்கள் காம்பஸ் பெட்டியோடு ஜியாமெட்ரி படித்தோம். இப்போது ஜியோஜீப்ராவாம். காம்பஸ் என்ன துருப்பிடித்துவிட்டதா?

துருப்பிடிக்கவில்லை, தொலைந்துவிட்டது, எந்தப் பையன் பெட்டியில் பென்சிலோடு காம்பஸ் இருக்கிறது? ஜியோஜீப்ரா 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் தன் ஆய்வுக்காகச் செய்த கணக்கு மென்பொருள். இன்றைக்கும் மாணவர்களுக்கு இலவசம். நம் கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று வரும் பக்கங்கள் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன. அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை என்று காம்பஸால் ஒரு படம் போட்டுக் காட்டலாம். திரையில் கோணம் அமையும் புள்ளியைப் பிடித்து வட்டத்தின்மேல் எங்கே இழுத்தாலும் 90 அசைவதில்லை. நூறு படம் ஒரே இழுப்பில். எஸ்டேட் டிராயிங் ஆபீஸ்களில் ஆட்டோகேட் வந்தபோது முதலில் முறைத்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பது எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முதல் படத்தைப் பையன் கையாலேயே போடட்டும்.

பெயர் வேண்டாம், திருமுல்லைவாயில்: ஸ்மார்ட் வகுப்பறை என்றால் என்ன?

கரண்ட் இருக்கும்வரை ஸ்மார்ட். 22,931 வகுப்பறைகள் என்பது அரசின் கணக்கு. ரிமோட் யாரிடம் இருக்கிறது என்பது தலைமை ஆசிரியர் கணக்கு.

ஆசிரியர், ஆவடி: மாணவர் விவரம் ஏற்றும் அரசுத் தளமான எமிஸில் பதிவு போடவே முதல் பீரியட் முடிந்துவிடுகிறது. இதுவும் கல்வித் தொழில்நுட்பம்தானா?

கற்பிக்க உதவும் மென்பொருள் ஒன்று. கற்பித்ததாகக் கணக்குக் காட்ட உதவும் மென்பொருள் இன்னொன்று. இரண்டாவது தேவையில்லை என்று சொல்லமாட்டேன். எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்று அதை வைத்துத்தான் தேட முடியும். ஆனால் அது எழுத்தர் வேலை. சாக்பீஸ் பிடித்த கையில் அதைத் திணித்துவிட்டு, வகுப்பு நவீனமாகிவிட்டது என்று சொல்வதுதான் இடிக்கிறது.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, கொரட்டூர்: ஆன்லைன் கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தார். டேப்லெட் இலவசம், மூன்று வருஷப் பாடம், மாதாமாதம் இ.எம்.ஐ. சேரலாமா?

இலவசத்துக்கு எதற்கு இ.எம்.ஐ.? இப்படி ஆன்லைனில் பாடம் விற்ற பைஜூஸின் மதிப்பு 2022-ல் 2,200 கோடி டாலர். 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்குப் போனது. கம்பெனி நின்றாலும் கடன் நிற்காது, ஏனென்றால் கடன் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு ஃபைனான்ஸ் நிறுவனம். கையெழுத்துக்கு முன் கடன் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். அதற்கும் முன் பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட 'மணற்கேணி' செயலியை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், காசு கிடையாது. அதையே பிள்ளைகள் திறக்கவில்லை என்றால், பணம் கட்டியதைத் திறப்பார்கள் என்று யார் சொன்னது?

பிளஸ் டூ மாணவன், மண்ணூர்பேட்டை: அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் எல்லோரும் சினிமாதானே பார்த்தார்கள்?

பார்த்தார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன அண்ணன்மார் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடித்ததும் அதே லேப்டாப்பில்தான் தம்பி. 2011 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் ரோட்டிலேயே நேராகப் போனால் வரும் காக்களூரில். பெட்டியைக் கொடுத்தார்கள், அதில் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் கொடுக்கவில்லை, குறை அதுதான். கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் என்று 2025-26 பட்ஜெட்டில் மறுபடி அறிவித்தார்கள். உன் முறை வந்தால் படமும் பார், பைத்தானும் பழகு. உன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திலேயே அது இருக்கிறது.

பத்தாம் வகுப்பு மாணவி, பாடி: ஸ்க்ராட்ச் பற்றி அறிவியல் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. ஸ்ப்ரைட் என்றால் என்ன என்று மனப்பாடம் செய்துவிட்டேன். கம்ப்யூட்டரில் பார்த்ததே இல்லை.

நீச்சலுக்குப் பேப்பரில் பரீட்சை வைப்பது போல. நிரல் எழுதப் பழக்கும் ஸ்க்ராட்ச் மென்பொருள் இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். லேப் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒரே ஒரு பீரியட் கேளம்மா. அதில் வரும் பூனையை நீ பத்து அடி நடக்க வைத்துவிட்டால், ஸ்ப்ரைட் என்ன என்று மறக்கவே மறக்காது.

பி.எட். மாணவர், அம்பத்தூர்: செயற்கை நுண்ணறிவு வந்தால் ஆசிரியர் வேலை போய்விடுமா?

1920-களில் அமெரிக்காவில் சிட்னி பிரெஸ்ஸி கேள்வி கேட்கும் இயந்திரம் செய்தார். 1950-களில் ஸ்கின்னர் கற்பிக்கும் இயந்திரம் செய்தார். 1960-ல் இல்லினாய்ஸில் 'பிளேட்டோ' கம்ப்யூட்டர் பாடம் நடத்தியது. 1984-ல் 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கே பி.பி.சி. மைக்ரோ வந்தது. நூறு வருஷமாக ஆசிரியர் வேலை போய்க்கொண்டே இருக்கிறது, இன்னும் போய்ச் சேரவில்லை. பி.எட். முடியுங்கள்.

பாட்டி, மண்ணூர்பேட்டை: பேத்தியின் படிப்பு ஆப் 'லொக்கேஷன்' கேட்கிறது. எதற்கு?

பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு உங்கள் தெரு தெரிய வேண்டியதில்லை பாட்டி. 2022-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்தபோது, இருப்பிடத்தைச் சேகரித்தவற்றில் நம் திக்‌ஷாவும் ஒன்று என்று சொன்னது. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் விவரத்தை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளிகளுக்குச் சில விலக்கு உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. சட்டம் வந்து சேரும்வரை காத்திருக்காதீர்கள். லொக்கேஷன், கான்டாக்ட்ஸ் என்று எது கேட்டாலும் 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். பாடம் ஓடினால் சரி. ஓட மறுத்தால் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.