குங்குமப்பூவியல்: நான்கு நூற்பாவும் ஒரு புறனடையும்

பாயிரம்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், ஒரு கிராம் குங்குமப்பூவை நுதலிற்று. 2005ஆம் ஆண்டின் கடைசியில், என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது, அத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்தது. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா. அது முதலில் சாமி அலமாரியில் இருந்தது. பிறகு பீரோ லாக்கரில் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் நடுவே இருந்தது. இப்போது ஃப்ரிட்ஜ் கதவில், இருமல் மருந்துக்குப் பின்னால் இருக்கிறது. அன்று வயிற்றில் இருந்தவன் இன்று பொறியியல் இரண்டாம் ஆண்டு. டப்பா மட்டும் தீரவில்லை.

உண்ணும் பண்டம் ஒன்று இருபது ஆண்டு தீராதிருப்பது எங்ஙனம்? குங்குமப்பூ ஒரு நறுமணப் பொருள் என்று கொண்டதால் வந்த மயக்கம் இது. தமிழ் வீட்டில் அது நறுமணப் பொருள் அன்று, அசையும் சொத்து. இதை நிறுவுவதே இவ்வியலின் பயன்.

நூற்பா 1: கேசரம் இலதே கேசரி எனப்படும்

உரை: கேசரம் என்பது பூவின் உள்ளிழை. வடமொழியில் குங்குமப்பூவுக்கும் அது பெயர்; இந்தியில் கேசர் ஆயிற்று. அதன் நிறத்தை வைத்துப் பெயர் பெற்றது நம் ரவா கேசரி. ஆனால் கல்யாணப் பந்தியின் கேசரியில் இருப்பது சன்செட் யெல்லோ என்னும் செயற்கைச் சாயம். சில வேளை டார்ட்ரசின் துணைக்கு வரும். அப்பாவின் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு அப்பாவையே பந்தியில் உட்காரவிடாத பிள்ளை இந்தக் கேசரி.

குங்குமப்பூ என்ற பெயர் மட்டும் மெய்யோ எனின், அதுவும் அன்று. வடமொழியில் குங்குமம் என்றாலே இந்தப் பூதான். இங்கே மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிச் சிவந்த பொடி நெற்றிக்கு ஏறியபோது, பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெயரைப் பறிகொடுத்த பூ, 'பூ' என்ற வாலை ஒட்டிக்கொண்டு பிழைத்தது. அந்த வாலும் பொய். டப்பாவில் இருப்பது பூ அன்று. ஊதாப் பூவின் நடுவிலிருந்து சிவந்து நீளும் மூன்று சூல்முடிகள். ஒரு பூவுக்கு மூன்று இழை, அவ்வளவே. காய்ந்து ஒரு கிராம் தேற ஏறத்தாழ 150 பூ வேண்டும். ஆகவே ஒரு கிராம் டப்பா என்பது சுமார் 450 இழை என்க. இந்த எண்ணிக்கையை வாசகர் மறவாதிருப்பாராக. கடைசியில் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூற்பா 2: ஒருகிராம் கொண்டோர் பிறிதுகிராம் கொள்ளார்

உரை: கொள்முதல் வாழ்வில் ஒருமுறை நிகழ்வது. அதன் காலம் கர்ப்ப காலம். அதன் காரணம் பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்ற ஆசை. அத்தை தினம் இரண்டிழை எண்ணிப் பாலில் போட்டார், இரண்டு மாதம். ஆயிற்று 120 இழை. விளைவாகப் பிறந்தவன் அப்படியே என் நிறம். இரண்டாம் பிரசவத்தின்போது டப்பாவை எங்கே வைத்தோம் என்பது எவர்க்கும் நினைவில்லை. ஆகவே மகள் குங்குமப்பூ இன்றியே பிறந்தாள். அவளும் அதே நிறம். திட்டமிட்டு நடத்தினால்கூட இவ்வளவு செம்மையான ஒப்பாய்வு அமையாது. தோலின் நிறம் பெற்றோர் தரும் மரபணுவில் இருக்கிறது, பாலில் இல்லை. இம்முடிவை அத்தையிடம் சமர்ப்பித்தேன். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை, மகளைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு மாசம் குடுத்ததுக்கே இந்த அளவுக்காவது வந்திருக்குன்னு சொல்லு."

பிள்ளை பிறந்த பின் தீபாவளிப் பாயசத்துக்கு ஆண்டுக்கு ஓரிழை. பத்தொன்பது தீபாவளி, பத்தொன்பது இழை. சென்ற ஆவணியில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். இருப்பு 311. கணக்கு இம்மி பிசகவில்லை.

வாங்குவோர் அறிய வேண்டியன சில உள. காஷ்மீரத்தில் ஸ்ரீநகருக்குப் பக்கத்துப் பாம்போர் மேட்டுநிலமே இந்தியக் குங்குமப்பூவின் தாய்வீடு. அங்கே இதற்குக் கோங் என்று பெயர். காஷ்மீர்க் குங்குமப்பூ 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. இழையின் அடியில் மஞ்சள் காம்பு ஒட்டியிருந்தால் லச்சா. சிவந்த நுனி மட்டும் என்றால் மோங்ரா, விலை கூடுதல். ஆனால் உலகச் சந்தையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஈரானுடையது.

போலி எது? சாயமேற்றிய சோளக் குஞ்சம் ஒன்று. குசும்பாப் பூவின் இதழ் மற்றொன்று. குசும்பா தன் பெயருக்கு ஏற்ற குசும்போடு டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் நாலு இழை போடுக. மெல்ல மெல்ல மஞ்சள் விட்டு, இழை சிவப்பாகவே நின்றால் மெய். போட்டவுடன் தண்ணீர் சிவந்து, இழை வெளுத்துப் போனால் அவ்விலைக்கு வருந்துக. மெய்யிழையின் நுனி நாதசுரத்தின் அணைசு போல விரிந்திருக்கும் என்பதும் ஓர் அடையாளம். பொடியாக விற்பதை வாங்கற்க. பொடிக்கு நுனி ஏது? முற்காலத்தார் இதில் நம்மைவிடக் கடுமையானவர்கள். 1444இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் கலப்படக் குங்குமப்பூ விற்ற ஒருவரை, அந்தச் சரக்கோடு சேர்த்தே எரித்தார்கள். ஒப்பிட்டால் நம் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பொறுமையே உருவானவர்கள்.

நூற்பா 3: நெய்யுள் உறங்கும் பாலுள் விழிக்கும்

உரை: குங்குமப்பூவில் மூன்று பொருள் உள. நிறம் தருவது குரோசின். கசப்புத் தருவது பிக்ரோகுரோசின். மணம் தருவது சாஃப்ரனால். இது பச்சைப் பூவில் இல்லை, உலரும்போது அந்தக் கசப்பிலிருந்தே பிறப்பது. குரோசின் நீரில் கரையும், நெய்யில் கரையாது. கொதிக்கும் நெய்யில் இழையைத் தூவி, "கலரே வரலையே" என்று வருந்துவோர் இதனை அறிக. சாஃப்ரனால் ஆவியாகிப் பறப்பது. முதலிலேயே போட்டுக் கொதிக்கவைத்தால் சமையற்கட்டு மணக்கும், பாயசம் மணக்காது.

ஆகவே முறை இது: இழைகளை ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு சிறிய உரலில் நுணுக்குக. கை பொறுக்கும் சூட்டில் அரைக் கரண்டிப் பாலில் இருபது நிமிடம் ஊறவிடுக. பாத்திரத்தை இறக்கிய பின் சேர்க்க. கூடுதலாகப் போட்டால் கசக்கும்; இங்குக் கஞ்சத்தனத்துக்கு அறிவியலும் ஓரளவு துணை நிற்கிறது.

இம்முறைப்படி எம் டப்பாவிலிருந்து 20 இழை எடுத்துப் பால் பாயசம் செய்தேன். இருப்பு 291. ஒரே நேரத்தில் இருபது இழை போனதைக் கண்டு அத்தை சற்று உட்கார்ந்துகொண்டார். பாயசம் மஞ்சளாயிற்று. மணம் வரவில்லை. பாம்போர்ப் பூவின் மணத்தில் தேனும் வைக்கோலும் கலந்திருக்கும் என்பர். எங்கள் டப்பாவில் எஞ்சியது வைக்கோல் மட்டும். ஒளியும் காற்றும் காலமும் அதைத் தின்றுவிட்டன. நாங்கள் தின்னாமல் காத்தது எதற்காகவோ, அது எங்களுக்கு முன்பே போய்விட்டது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுத் தீர்ப்பதே அறிவுடைமை என்பது இவ்வியலின் உறுதியான பரிந்துரை.

நூற்பா 4: சென்னையில் இட்டது செழும்புல் ஆகும்

உரை: வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்னும் எண்ணம் எனக்கும் எழுந்தது. முதலாண்டில் இணையத்தில் குங்குமப்பூ விதை வாங்கினேன். முள்ளோடு முளைத்தது, ஆரஞ்சு நிறத்தில் பூத்தது, குசும்பா. மீண்டும் அதே குசும்பு. அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டேன்: குங்குமப்பூச் செடிக்கு விதையே கிடையாது. அதன் குரோமோசோம்கள் மும்மூன்றாக, ஆக 24 இருப்பதால் சோடி சேர்ந்து பிரிய முடியாது, மலடு. தாய்க்கிழங்கு அழிந்து சேய்க்கிழங்கு விடுவதே அதன் வம்சம். மனிதன் தோண்டி, பிரித்து, மீண்டும் நட்டு வந்ததால்தான் அது இருக்கிறது. இல்லாத விதையைக் காசு கொடுத்து வாங்கியவன் என்ற முறையில் இதனைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

அடுத்து, பன்னிரண்டு கிழங்கு வரவழைத்தேன். எல்லாம் சின்ன வெங்காயத்தின் அளவு. எட்டு கிராமுக்குக் குறைந்த கிழங்கு பூப்பது அரிது என்பதை அப்போது நான் அறியேன்; விற்றவர் அறிந்திருக்கக்கூடும். கோடையில் 23 முதல் 27 டிகிரியில் கிழங்குக்குள் பூ உருவாகும். அது வெளிவர 17 டிகிரி வேண்டும். பாம்போரில் ஐப்பசிக் குளிர் அதை இலவசமாகத் தருகிறது. சென்னையில் தை மாத விடியலில் 20ஐ எட்டிப் பார்ப்பதே விசேஷம்.

ஆறு கிழங்கைப் பால்கனியில் வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் தேங்கினால் அழுகும் சாதி அது, மூன்று அழுகின. மூன்று, கோடு கிழித்தாற்போல நல்ல பச்சைப் புல் விட்டன. மற்ற ஆறும் எங்கள் படுக்கையறையில், இரவும் பகலும் 17 டிகிரி ஏ.சி.யில். என் மனைவி இரண்டு போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "ஏங்க, இந்தப் பூவுக்குப் பதிலா நாம பாம்போருக்கே போயிருக்கலாம்ல?" ஆய்வு வரம்புக்கு வெளியே உள்ள வினா என்று விட்டுவிட்டேன்.

ஐந்து தொட்டியில் புல். ஆறாவதில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரே ஒரு ஊதாப் பூ. விடியலில், வாடுமுன் கிள்ளினேன். மூன்று இழை. நிழலில் உலர்த்தியதும் அறை முழுக்க மணம். தேன், வைக்கோல் இரண்டும். பின்னர் வந்த மின்கட்டண ரசீதை மூன்றால் வகுத்துப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே வெளியிடுவது குடும்ப அமைதிக்கு உகந்ததன்று.

புறனடை: கொண்டது குறையாது கூடலும் உரித்தே

உரை: மூன்று இழையும் வெள்ளைக் காகிதத்தில் கிடந்தன. வீடே சுற்றி நின்றது.

"சூடா பால் வைக்கவா? போட்டுக் குடிச்சிடுங்க," என்றாள் மனைவி. மணம் போவதற்குள் உண்பதே அறிவுடைமை என்று மூன்றாம் நூற்பாவில் எழுதியவன் நான். பால் பாத்திரம் அடுப்பிலேயே ஏறிவிட்டது.

அத்தை மகளைப் பார்த்தார். "மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, வீட்ல விளைஞ்சது. அவசரப்பட வேண்டாம். பேரனுக்குக் கல்யாணம் ஆகி மருமக வருவா இல்ல?"

பேரன் எனப்பட்டவன் ஃபோனிலிருந்து தலை தூக்கவில்லை. நான் அடுப்பை அணைத்தேன். இருமல் மருந்தை நகர்த்தி டப்பாவை எடுத்து, ஒவ்வோர் இழையாகப் போட்டு, மூடியைத் திருகினேன்.

இருப்பு 294.