காற்றுக்கு ஒரு குற்றவாளி

பம்பலப்பிட்டியில் காலி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் பௌத்தாலோக மாவத்தை. பழைய ஆட்களுக்கு அது இன்னும் புல்லர்ஸ் வீதிதான். அந்த வீதியில்தான் 1907இல் வெள்ளைக்காரன் கொழும்பு வானாய்வு நிலையத்தை வைத்தான். இன்றைய வளிமண்டலவியல் திணைக்களமும் அங்கேதான். நூறு வருடத்துக்கு மேலாக அங்கே ஆட்கள் மழையை அளக்கிறார்கள், காற்றை அளக்கிறார்கள், அளந்ததை எழுதி வைக்கிறார்கள். ஆனால் புயல் ஏன் வருகிறது என்று இந்த ஊர் அவர்களிடம் போய் நின்றதாகத் தெரியவில்லை. விடைதான் கைவசம் இருக்கிறதே: யாரோ ஒருவன் பார்த்த வேலை. எவன் என்பதில் மட்டும்தான் தகராறு.

மாலையில் மெரைன் டிரைவில் கைகளை வீசி நடக்கும் ஓய்வூதியக்காரர் ஒருவரை மறித்து, “என்ன அண்ணை, காலந்தப்பி இப்பிடிப் பெய்யுது?” என்று கேட்டுப் பாருங்கள். தாழமுக்கம் என்றுதான் தொடங்குவார். மூன்றாவது வசனத்தில் கடலை மண் போட்டு மூடியவனைப் பிடிப்பார், நாலாவதில் அமெரிக்கனை. ஐந்தாவதில், தன் மேல்மாடி ஃபிளாட்காரனின் தண்ணீர்க் குழாயில் வந்து நிற்பார். அவரைக் குறை சொல்லக்கூடாது. இரண்டாயிரம் வருட மரபு அது.

இந்த வட்டாரத்தின் மிகப் பழைய வெள்ள அறிக்கை மகாவம்சத்தின் 22ஆம் அத்தியாயத்தில் கிடக்கிறது. களனியில் திஸ்ஸ என்று ஓர் அரசன். அவனுக்கு உத்திகன் என்று ஒரு தம்பி. தம்பிக்கும் அண்ணிக்கும் இடையில் விவகாரம். அது அண்ணன் காதுக்கு எட்டியதும் தம்பி ஓடிவிட்டான். ஓடியவன் ஓடிய இடத்தில் அடங்கி இருந்திருந்தால் கடல் தன்பாட்டில் கிடந்திருக்கும். அவனோ அரசிக்கு ஒரு கடிதம் எழுதி, ஓர் ஆளைப் பிக்கு வேடத்தில் அரண்மனைக்கு அனுப்பினான். அங்கே தினமும் தானம் ஏற்க ஒரு தேரர் வருவார், ஞானம் பெற்றவர். வேடக்காரன் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே போய், அவரோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். அரசன் எழுந்து வெளியே போகிற நேரம் பார்த்து, அரசியின் கண் படும்படி கடிதத்தை நழுவ விட்டான்.

கடிதம் தரையில் விழுந்த சத்தம் அரசனுக்குக் கேட்டுவிட்டது. திரும்பினான், குனிந்தான், எடுத்தான், வாசித்தான்.

விசாரணை அத்தோடு முடிந்தது. எதிரே நிற்கிறார் தேரர், ஆகவே எழுதியவர் தேரர். தேரரிடம் எழுத்துப் படித்தவன்தான் உத்திகன், அதனால் இருவர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தது என்று பின்னால் வந்த சிங்கள நூல்கள் அரசனுக்காகச் சாட்சி சேர்க்கின்றன. தண்டனையும் அவர்களுக்குப் போதவில்லை. மகாவம்சத்தில் தேரரையும் வேடக்காரனையும் கொன்று கடலில் போட்டதோடு சரி. பிந்தியவர்கள் கொப்பரை, கொதிக்கும் எண்ணெய் என்று சமையல் குறிப்பே சேர்த்திருக்கிறார்கள்.

கடல் தெய்வங்களுக்குக் கோபம் வந்து தண்ணீரைத் தரைக்கு ஏற்றின. இங்கேதான் எனக்கு இடிக்கிறது. கடிதம் எழுதிய உத்திகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் போய் ஒளித்த நாட்டுக்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். கடிதத்தைப் பெற வேண்டிய அரசிக்கு என்ன நடந்தது என்று சொல்லக் காணோம். கடலோ நேரே கரையோரத்துக்கு வந்தது. இலட்சம் பட்டினங்கள் போயின என்று ராஜாவலிய கணக்குச் சொல்கிறது. மணலில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவன் எந்த அரசிக்குக் கடிதம் எழுதினான்?

பரிகாரம் அதைவிட விசேஷம். அரசன் தன் மகளைப் பொன் கலமொன்றில் வைத்து, ‘இவள் அரசனின் மகள்’ என்று அதில் எழுதி, அதே கடலில் விட்டான். கட்டணமில்லாத் தபால். போய்ச் சேர்கிற இடம் மட்டும் எழுதப்படவில்லை. நல்லவேளையாகக் கலம் தெற்கே கரையொதுங்க, உருகுணையின் காவந்தீசன் அவளைப் பட்டத்து அரசி ஆக்கினான். அவள்தான் விகாரமகாதேவி. கொழும்பு விக்டோரியா பூங்காவுக்கு இன்று அவள் பெயர். அவள் மகன் துட்டகைமுனு. அவன் வளர்ந்து வந்து நாற்பத்து நாலு வருடம் ஆண்ட எல்லாளனை அனுராதபுரத்தில் முடித்தான். ஆக, அந்த வேடக்காரன் கடிதத்தைக் கொஞ்சம் கவனமாகக் கைமாற்றியிருந்தால் எல்லாளன் படுக்கையில் கிடந்து பேரப்பிள்ளைகள் சூழக் கண்ணை மூடியிருக்கலாம். இலங்கை இனப்பிரச்சினைக்குத் தீர்வு தேடிய எத்தனையோ ஆணைக்குழுக்களில் ஒன்றாவது இந்தத் தபால் கோளாறைக் கவனித்ததா?

இதைப் படித்துவிட்டு நம்மவர் யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை சொல்லும் காரணம் இதற்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. சோழன் நெடுமுடிக்கிள்ளி ஒரு சோலையில் நாகநாட்டு இளவரசி பீலிவளையைக் கண்டான். ஒரு மாதம் இருந்துவிட்டு அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். பிறகு பிறந்த பிள்ளையை மணிபல்லவத்தில் வைத்துக் கம்பளச் செட்டி என்ற வணிகனிடம் கொடுத்து, தகப்பனிடம் சேர்க்கச் சொன்னாள். மணிபல்லவம் நம்முடைய நயினாதீவுதான் என்று பலர் சொல்வதால், இந்த வழக்கிலும் இலங்கைக்கு ஒரு பங்கு இருக்கிறது. செட்டியின் கப்பல் அன்றிரவே உடைந்தது. பிள்ளையைக் காணோம். அரசன் பித்துப் பிடித்தவன்போல் தேடி அலைந்தான். அந்த அலைச்சலில் அந்த வருட இந்திரவிழா மறந்துபோயிற்று.

அவ்வளவுதான். மணிமேகலா தெய்வம் வெகுண்டது, கடல் ஊருக்குள் வந்தது. பிள்ளையைத் தொலைத்த ஒரு மனிதனுக்குத் திருவிழா நினைவில்லாமல் போனதற்கு ஒரு துறைமுகமே தண்டனை! ஒரு பிற்போடல் அறிவித்தல்கூட இல்லை. பம்பலப்பிட்டியில் எங்கள் ஆடிவேல் எத்தனை கலவர வருடங்களில் நின்றுபோயிருக்கிறது! முருகன் ஒருமுறையாவது மெரைன் டிரைவைத் தாண்டிக் கடலை ஏவினானா? அவன் தங்கமான பிள்ளை.

வானிலையை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் மதுரையில்தான் இருந்தான். திருவிளையாடற் புராணத்து உக்கிரகுமார பாண்டியன். வருணன் கடலை ஏவிவிட, இவன் வேலை எறிந்து அதை வற்ற வைத்தான். பிறகு இந்திரனோடு ஒரு மரியாதைப் பிரச்சினை. மழை சேரனுக்கும் சோழனுக்கும் மட்டும் பெய்தது. ஒருநாள் பொதிய மலைப் பக்கம் வேட்டைக்குப் போனவன், நான்கு மேகங்கள் அங்கே சும்மா மேய்ந்துகொண்டிருப்பதைக் கண்டான். பிடித்து விலங்கு போட்டு மதுரைச் சிறையில் அடைத்துவிட்டான். இந்திரன் படையோடு வந்து, முடியில் அடி வாங்கிக்கொண்டு திரும்பினான். கடைசியில் சமாதான ஓலை வந்தது. ஒரு வேளாளன் முன்வந்து பிணை நின்ற பிறகே பாண்டியன் மேகங்களை விட்டான். வேறு எந்த நிபந்தனையும் இல்லாமல் நம்பி விட்டிருக்கிறான். நம்முடைய நீதவான் என்றால் மேகங்களின் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருப்பார், மாதக் கடைசி ஞாயிறு பொலிஸில் கையெழுத்துப் போடவும் சொல்லியிருப்பார்.

வெள்ளைக்காரன் வந்த பிறகு இந்தச் சுவாரசியம் போய்விட்டது. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்றொரு கிழவர். பழைய கப்பல்களின் பதிவேடுகளைக் குடைந்து, புயல் என்பது சுழன்று போகும் காற்று என்று மாலுமிகளுக்குப் படம் போட்டு விளக்கினார். மாத்லா ஆற்றின் கரையில் போர்ட் கானிங் என்ற துறைமுகம் கட்டும் யோசனை எழுந்தபோது, அங்கே கட்டாதீர்கள், ஒருநாள் புயலும் கடலும் சேர்ந்து வந்து வழித்துக்கொண்டு போகும் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு எழுதினார். களனிக் கடிதத்துக்குப் பிறகு நான் கேள்விப்பட்ட மிக முக்கியமான புயல் கடிதம் இதுதான். இந்த முறை கடிதம் போய்ச் சேர்ந்தது. வாசித்தார்கள், துறைமுகத்தையும் கட்டினார்கள். பிடிங்டன் 1858இல் இறந்தார். 1867இல் புயல் வந்து அதை வழித்துக்கொண்டு போயிற்று.

புல்லர்ஸ் வீதிக்காரர் சொல்லும் காரணத்தில் அரசியும் இல்லை, தேரரும் இல்லை. கடல் மேற்பரப்பு 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற வேண்டும். ஈரக்காற்று மேலெழ வேண்டும். பூமி சுழல்வதால் அந்தக் காற்று வளைந்து திரும்ப வேண்டும். மத்தியகோட்டுக்கு மிக அருகில் அந்த வளைப்பு வலுக் குறைவு என்பதால், 5 பாகைக்கு உள்ளே சூறாவளி பிறப்பது அபூர்வம். கொழும்பு கிட்டத்தட்ட 7 பாகையில் இருக்கிறது. வங்காள விரிகுடாவில் பிறப்பது மேற்கே நகர்ந்து முதலில் கிழக்குக் கரையில் மோதும். மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு என்று அடிவாங்கி முடிந்து, நடுவில் மலையும் குறுக்கே நின்ற பிறகு மிச்சம்தான் எங்களுக்கு. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேரைக் காற்று கொண்டுபோனது. 2025 நவம்பரில் டிட்வா அறுநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பலர் மலையகத்தில் மண்ணுக்கு அடியில் போனார்கள். அந்த இரண்டு முறையும் வேடிக்கை பார்க்க எதுவும் இல்லை. காற்று எந்த வேடக்காரனையும் தேடிப் பிடித்ததாகவும் கேள்விப்படவில்லை.

கொழும்பைத் தனியாகக் கவனித்தது மழைதான். 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. கொழும்புக்கு ஒரு வருடத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அது நேரே போன இடம் பாராளுமன்றம். சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே தீவு வைத்து, ஜெஃப்ரி பாவா வரைந்த அந்த அழகான கட்டடம் திறக்கப்பட்டு அப்போது பத்தே வருடம். கோட்டே அரசர்கள் அந்தச் சதுப்பைப் பகைவனுக்கு அகழியாக வைத்திருந்தார்கள். நாம் அதன் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் வருகிறதே என்றோம். 2010 நவம்பரில் திரும்பவும் வெள்ளம். உறுப்பினர்களை இராணுவ வாகனங்களில் ஏற்றிப் போனார்கள். பாராளுமன்றத்துக்குள் தண்ணீர் ஏறியதற்குப் பொருத்தமான பாவக்கணக்கு ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல வெள்ளவத்தைச் சந்தைக்குள்ளேயே இருநூறு பேர் இருந்திருப்பார்கள். சதுப்பை நிரப்பிக் கட்டடம் எழுப்பியவர்களின் பட்டியலைத்தான் யாரும் கேட்கவில்லை.

2012 நவம்பரில் மொனராகலை, பொலன்னறுவைப் பக்கம் சிவப்பு மழை பெய்தது. மருத்துவ ஆராய்ச்சி நிலையம் பார்த்துவிட்டு ஒருவகை நுண்பாசி என்றது. கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க, இது விண்வெளியிலிருந்து வந்திறங்கிய உயிர் என்றார். சளிக்காய்ச்சலும் ஆகாயத்திலிருந்துதான் விழுகிறது என்று குரு ஃப்ரெட் ஹொய்லோடு சேர்ந்து முன்பே எழுதியவர். மெரைன் டிரைவ் அண்ணைமார் அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படித்தவர் என்றால் குற்றவாளியைப் பூமிக்கு வெளியே அல்லவா தேடவேண்டும்!

அடுத்த வருடம் வந்ததுதான் உச்சம். இந்தப் பிராந்தியத்து நாடுகள் ஆளுக்குச் சில பெயர்களை முன்கூட்டியே கொடுத்து வைக்க, புயல் பிறக்கப் பிறக்க வரிசையில் ஒவ்வொன்றாகச் சூட்டுவார்கள். 2013 மே மாதத்தில் பிறந்ததற்கு இலங்கை கொடுத்த பெயரின் முறை. மகாசேன். மின்னேரிக் குளம் கட்டிய அரசன். குளம் கட்டியதற்காக மக்கள் தெய்வமாக்கிக் கும்பிடுகிறவன். வளம் தந்த மன்னனின் பெயரை நாசம் செய்கிற காற்றுக்கா வைப்பது என்று இங்கே பிடித்துக்கொண்டார்கள். பெயரைக் கொடுத்தது அயல்நாட்டான் என்றால் ஒரு கொடும்பாவியாவது எரித்திருக்கலாம். கொடுத்தவர்களே நாங்கள்தான். ஆகவே பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம், புயல் கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே. கொஞ்ச நாள் அதற்குப் பெயரே இல்லை. வங்கதேசத்தில் கரையேறி அடங்கிய பிறகு வியாரு என்று ஆவணங்களில் ஏறியது.

இதில் ஒன்றை யாரும் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. குளம் கட்டிய அதே மகாசேனன்தான் அனுராதபுரத்து மகாவிகாரையில் பிக்குகளை வெளியேற்றி, ஏழு மாடி லோகபிரசாதத்தை இடித்துக் கல்லையும் மரத்தையும் வேறு இடத்துக்கு அள்ளிக்கொண்டு போனவன். சொல்வது அதே மகாவம்சம். கட்டடங்களைத் தரைமட்டமாக்கி, குளங்களையும் நிரப்புகிற ஒன்றுக்கு வேறு யார் பெயரை வைப்பது? அந்தப் பெயரைத் தெரிவு செய்த அதிகாரி சரித்திரம் படித்தவராக இருக்க வேண்டும். அதனால்தான் மாட்டிக்கொண்டார்.

பட்டது போதும் என்று, 2020இல் வெளிவந்த புதிய பட்டியலுக்கு இலங்கை அரசர் யாரையும் அனுப்பவில்லை. அசனி, ககன, கர்ஜன, விதுலி என்று இடியும் ஆகாயமும் உறுமலும் மின்னலுமாகக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் இலங்கையின் இரண்டாவது பெயர் சக்தி. 2025 ஒக்டோபரில் அரபிக்கடலில் அந்தப் பெயரோடு ஒரு புயல் பிறந்தது. மகாசேனனுக்காகக் கொதித்த நாட்டில், உலகையே பெற்றவளின் பெயரைப் புயலுக்கு வைத்ததற்கு ஒரு சிறு முணுமுணுப்புக்கூட எழவில்லை. காலி வீதியின் இரண்டு கதிரேசன் கோயில்களிலும் கும்பிடும் வேலை முருகனுக்குக் கொடுத்தவளே அவள்தானே. புயல் ஓமான் பக்கம் போய்த் திரும்பி, கரையேறாமல் கடலிலேயே அடங்கிப் போயிற்று. ஏனாம் என்று எங்கள் மாடியில் இருக்கும் மாமி ஒருவரிடம் கேட்டேன். கோயிலுக்குப் போய்வந்த திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது.

“மகன் வீட்டை எண்டுதான் வெளிக்கிட்டிருப்பா, தம்பி. அங்கை மருமகள்மார் ரெண்டு பேரெல்லே.”