கல்லு போடுங்க தம்பி, தாராளமா போடுங்க

கரையோரம் கல்லு கொட்டப் போறீங்களாமே தம்பி? நல்ல காரியம். யார் வந்து தடுத்தாலும் நிறுத்தாதீங்க. ஒரு ஊருக்குக் கல்லு போட்டா அதுக்கு வடக்கே இருக்கிற ஊருக்கும் போட்டே ஆகணும். அங்கே போட்டா அதுக்கும் வடக்கே. உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வேலைக்குப் பஞ்சமே இல்ல.

கிழவன் உளறுறான்னு நினைக்காதீங்க. பாண்டிச்சேரியைப் பாருங்க. அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல, 1980கள் கடைசியில, துறைமுகத்துக்குன்னு கடலுக்குள்ள ரெண்டு கல்லுக்கரை நீட்டினாங்க. நம்ம கடல்ல மணல் சும்மா கிடக்காது. தென்காத்து மாசமெல்லாம் வடக்கே போகும், வாடையில கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழிச்சா வடக்கே போறதுதான் அதிகம், வருசத்துக்குப் பல லட்சம் கன மீட்டர். அதைக் கல்லுக்கரை மறிச்சுது. தெற்கே மணல் மேடு தட்டிச்சு. வடக்கே, காந்தி சிலைக்கு முன்னால இருந்த மணல்கரை காணாமப் போச்சு. போன இடத்துல கருங்கல்லைக் கொட்டினாங்க. வெளியூர்க்காரங்க அந்தக் கல்லு மேல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, ‘பீச் சூப்பர்’னு சொல்லிட்டுப் போறாங்க. பீச் எங்கேன்னு கேட்க நாகரிகம் தடுக்குது போல.

கல்லு போட்ட ஊரு தப்பிச்சுது. கடலுக்குப் பசி தீரணுமே? வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு எல்லைக்குள்ள வந்துடுச்சு. சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு வரிசையா வீடு இடிஞ்சுது. தூண்டில் வளைவுன்னு கடலுக்குள்ள கல்லுத் தடுப்பு போட்டாங்க. போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு.

இது புதுப் பாடமும் இல்ல. 1870கள்ல வெள்ளைக்காரன் சென்னையில துறைமுகம் கட்ட ஆரம்பிச்சான். தெற்கே மணல் குவிஞ்சு மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிச்சுது. தெற்கே இருந்தவனுக்குச் சுண்டல், வடக்கே இருந்தவனுக்குக் கருங்கல். நூத்தம்பது வருசப் பாடத்தை இன்னும் படிக்கலன்னா, நமக்கு வேற அவசர வேலை இருந்திருக்கும், விடுங்க.

மணல் போனா என்ன பெரிசா போயிடும்? இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும்தான் போகும். அதுங்கதான் மணலைப் பிடிச்சு மேடாக்கி வச்சிருந்துச்சு. அந்த மேட்டுக்கு அடியிலதான் மழைத்தண்ணி தங்கி, குப்பத்து ஊத்துல நல்ல தண்ணியா சுரந்துச்சு. பரவாயில்ல, இப்பத்தான் கேன்ல தண்ணி வருதே.

அப்புறம் இந்தப் பங்குனி ஆமை. ராத்திரியில கரையேறி, பின்துடுப்பால குழி பறிச்சு, நூறு முட்டை போல இட்டு, மணலை மூடி, உடம்பால தட்டி அமுக்கிட்டுத்தான் கடலுக்குத் திரும்பும். கருங்கல்லுல குழி பறிக்க அதுக்கு யாரும் பயிற்சி கொடுக்கல. நீங்க ஒரு முகாம் நடத்துங்க. அப்படியே கல்லு மேல நின்னு கரைவலை இழுக்கிறது எப்படின்னு எங்களுக்கும் சொல்லிக் கொடுத்துடுங்க.

தெற்கே சேர்ற மணலை எடுத்து வடக்கே தள்ளணும்னு பாண்டிச்சேரித் துறைமுகத் திட்டத்துலயே எழுதியிருந்தாங்க தம்பி. ஒழுங்கா நடக்கல. எப்படி நடக்கும்? கல்லுன்னா அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். வருசா வருசம் குழாய்ல மணல் தள்ளுற வேலைக்கு எந்த மந்திரி மாலை போட்டுக்கிட்டு வருவார்? 2018 வாக்குல பாண்டிச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள்ள ஆப்பு வடிவத்துல இரும்புத் தடுப்பை இறக்கினாங்க. முகத்துவாரத்துல தூர்வாரின மணலையும் கொண்டுபோய்க் கொட்டினாங்க. கொஞ்சம் கரை திரும்பி வந்துச்சு. மணலுக்கு வழி விட்டா அது வரும்னு இதுல தெரியுது. ஆனா தெரிஞ்சுக்கிறதுக்கு டெண்டர் கிடையாதே.

அதனால நான் சொல்றது இதுதான். வரைபடத்துல உங்க திட்டம் முடியற இடத்துல பேனாவை வைக்காதீங்க, வடக்கே இன்னும் நாலு குப்பத்தையும் சேர்த்து வரைஞ்சு பாருங்க. பார்த்த பிறகும் கல்லுதான் வேணும்னு தோணுச்சுன்னா, எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிங்க. தூண்டில் வளைவு கேட்டு நானும் மனு கொடுத்திருக்கேன். தெற்கே இருக்கிறவன் போட்டுட்டான், நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? வடக்கே இருக்கிறவன் என்னை ஏசுவான். ஏசட்டும். அவனுக்கும் மனு எழுதத் தெரியும்.