தோற்றாலும் வெளியே, ஜெயித்தாலும் வெளியே

2023 அக்டோபர் 15. தென் பிரான்சின் துலூஸ் நகரம். இங்கிலாந்து ரக்பி லீக்கின் இரண்டாம் பிரிவுக்கு இறுதிப் போட்டி. லண்டன் பிராங்கோஸ் 18, துலூஸ் 14. பட்டியலில் ஐந்தாவதாக முடித்த அணி லண்டன். முதலிடம் பிடித்த ஃபெதர்ஸ்டோனை அரையிறுதியில் அவர்கள் ஊரிலேயே 36-26 என்று சாய்த்துவிட்டு, கடல் தாண்டிப் போய் இறுதிப் போட்டியையும் ஜெயித்தது. ஆட்டக்காரர்கள் முழுநேரச் சம்பளக்காரர்கள்கூட இல்லை. பரிசாகக் கிடைத்தது முதல் பிரிவான சூப்பர் லீக்கில் இடம்.

அதே மாதத்தில் இன்னொரு பட்டியலும் வெளியானது. அதைத் தயாரித்தவர்கள் கால்சட்டையில் புல்கறை படாதவர்கள். அதில் லண்டனுக்கு 24-ஆவது இடம், 20-க்கு 8.07 மதிப்பெண். அப்போது சூப்பர் லீக்கில் மொத்தமே 12 இடம்தான். 2024 சீசன் முடிந்ததும் யார் உள்ளே, யார் வெளியே என்பதை இந்த மதிப்பெண் தாள்தான் தீர்மானிக்கும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஓராண்டில் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது என்பது கணக்குப் போடத் தெரிந்த எல்லாருக்கும் புரிந்தது. விருந்துக்கு வா என்று பத்திரிகை வைத்துவிட்டு, அதன் பின்பக்கத்திலேயே இலையைத் தூக்கும் நேரத்தையும் அச்சடித்துக் கொடுத்த கதை இது.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்ப்போம். ஐ.எம்.ஜி. என்ற பன்னாட்டு விளையாட்டு வணிக நிறுவனத்தோடு ரக்பி லீக் நிர்வாகம் 2022-ல் 12 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அவர்கள் வந்து பார்த்துவிட்டுத் தந்த மருந்துதான் இந்தத் தரவரிசை. மொத்தம் 20 மதிப்பெண். களத்தில் ஆடியதற்கு 5. ரசிகர் பலத்துக்கு 5. நிதிக்கு 4.5. மைதானத்துக்கு 3. சமூகத்துக்கு 2.5. ஆட்டத்துக்கான அந்த 5-லும் இந்த ஆண்டு ஜெயித்ததற்கு முழுப் பலன் கிடையாது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். ஆக, ஒரு ரக்பி அணி ரக்பி ஆடுவதற்குக் கிடைப்பது காலே அரைக்கால் பங்கு கூட இல்லை, வெறும் கால் பங்கு. மீதி 15-ஐ உடை கசங்காமலேயே சம்பாதிக்கலாம்.

ரசிகர் பலம் என்றால் மழையில் நனைந்தபடி கத்துகிறவர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சமூக ஊடகத்தில் உங்களைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர், இணையதளத்துக்கு வந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் சேரும். மைதானத்தில் பெரிய திரை இருக்கிறதா, எல்லைக்கோட்டை ஒட்டி மின்னும் விளம்பரப் பலகை இருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. 82 புள்ளி வாங்கித் தோற்றாலும் பரவாயில்லை, அதைப் பெரிய திரையில் தெளிவாகக் காட்டினால் சரி.

எனவே இளம் ஆட்டக்காரர்களுக்குச் சில யோசனைகள். எதிராளி பந்தோடு ஓடிவரும்போது அவன் இடுப்பைப் பிடித்து மண்ணில் சாய்க்க அவசரப்படாதீர்கள். முதலில் அவனோடு ஒரு படம் எடுத்துப் பதிவேற்றுங்கள். விலா எலும்பு முறிந்தால் மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு நேரலை. தோள்பட்டை விலகினால் மறு கை இருக்கிறதே, அதன் கட்டைவிரல் போதும். ரக்பி லீக் என்பது 13 பேர் கவசம் இல்லாமல் 80 நிமிடம் மோதுகிற ஆட்டம். தலையில் வாங்கிய அடிகளால் நினைவு தவறிப்போன முன்னாள் ஆட்டக்காரர்கள் இதே நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த அடிகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது? ஐந்து தலைப்புகளிலும் தேடிப் பார்த்தேன். மூளைக்கு மதிப்பெண் கிடையாது. வாங்கியவனுக்கும் இல்லை, தாளைத் தயாரித்தவனுக்கும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதைச் செய்தவர்கள் யார் என்று தெரிந்தால்தான் கோபம் சரியான இடத்துக்குப் போகும். அதற்கு 1895-க்குப் போக வேண்டும். அன்று இங்கிலாந்தின் ரக்பியை ஆண்டவர்கள் தெற்கத்திய கனவான்கள். ஆட்டத்துக்குக் காசு வாங்குவது பாவம் என்பது அவர்கள் வேதம். பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு அந்த வேதம் சௌகரியம். வடக்கே யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ஆடியவர்களோ சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலிக்கு ஈடாக ஒரு நாளுக்கு 6 ஷில்லிங் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கனவான்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கத்திய கழகங்கள் தனிக்கட்சி கண்டன. அப்படித் தொடங்கிய சங்கத்தில் 22 கழகங்கள். முதல் சீசனில் ஒவ்வொன்றும் 42 ஆட்டம் ஆடியது. கடைசியில் பட்டியலைப் பார்த்தார்கள். பிராட்ஃபோர்டின் ஆலைப் பகுதியான மானிங்ஹாம் மேலே இருந்தது. மானிங்ஹாமே சாம்பியன். மக்கள்தொகை எவ்வளவு, அரங்கின் கூரை எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

யார் ஆடத் தகுதியானவன் என்பதைக் கோட்டு போட்டவன் முடிவு செய்யக் கூடாது என்பதற்காகவே பிறந்த விளையாட்டு ரக்பி லீக். அதன் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதியிருக்கும் வாசகம் அதுதான். 128 ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், அந்தச் சான்றிதழைக் கிழித்து ஐ.எம்.ஜி.யின் மேசையைத் துடைக்கக் கொடுத்தவர்கள் தெற்கத்திய கனவான்கள் கிடையாது. வாக்களித்து இந்த முறையை ஏற்றுக்கொண்டவை கழகங்களே. சுரங்கத் தொழிலாளியின் பேரன் தலைவராக உட்கார்ந்து, கையைத் தூக்கி, தன் கதவுக்குத் தானே பூட்டுப் போட்டான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சூப்பர் லீக்குக்குக் கீழே உள்ள அணிகளுக்காக 2019 முதல் ஒரு கோப்பை நடத்துகிறார்கள். அதன் பெயர் ‘1895 கோப்பை’. கலகத்தைக் கொன்றுவிட்டு அதன் பெயரில் வெள்ளிக் கிண்ணம் செய்து கொடுக்கிற கலை ஆளும் வர்க்கத்துக்கு மட்டும் சொந்தம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

சமூகம் என்ற தலைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் ஒரு பகுதி, கழகத்தைச் சுற்றி எவ்வளவு மக்கள்தொகை என்பதற்குப் போகிறது. ஃபெதர்ஸ்டோன் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர், ஒரு காலத்தில் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். 1893-ல் முதலாளிகள் கதவடைப்பு செய்தபோது இந்த ஊர்த் தொழிலாளிகள் கூடினார்கள். பட்டாளம் வந்து சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். அந்த ஊரின் அணி 1967, 1973, 1983 என மூன்று முறை சேலஞ்ச் கோப்பையை வென்றது. கடைசி முறை வெம்ப்ளியில், யாரும் ஒரு காசு பந்தயம் கட்டாத நிலையில், பெரிய நகரமான ஹல்லின் அணியை 14-12 என்று வீழ்த்தியது. அந்த ஊரில் சமூகம் என்றால் என்னவென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் தாளில் சமூகம் என்பது தலைகளின் எண்ணிக்கை. பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் ரக்பி என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் தலைதான். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து மைதானத்தில் நிற்கிற ஊரில் தலை குறைவு. தப்பு ஊர் மேல். இன்னும் கொஞ்சம் பெற்றுப் போட்டிருக்கலாம்.

இந்த முறைக்கு வக்காலத்து வாங்குபவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் ஜெயித்து மேலே வந்த அணி அடுத்த ஆண்டே கடைசியாக வந்து இறங்கிவிடுகிறது. இறங்கும் பயத்தில் யாரும் அரங்கத்தில் முதலீடு செய்வதில்லை. உள்ள காசையெல்லாம் ஆட்டக்காரர்களுக்குக் கொட்டித் திவாலாகிறார்கள். உண்மைதான். 2021-ல் ஒரு குழுவின் தேர்வால் மேலே போன லீ அணி அந்த ஆண்டே இறங்கியது. ஜெயித்து மேலே போன துலூஸும் 2022-ல் அப்படியே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இறங்கிய லீ ஆடி ஜெயித்து 2023-ல் மேலே வந்தது. வந்த அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று வெம்ப்ளியில் ஹல் கே.ஆர். அணியைக் கூடுதல் நேரத்தில் 17-16 என்று வென்று சேலஞ்ச் கோப்பையைக் கொண்டுபோனது. 1971-க்குப் பிறகு அந்த ஊருக்கு முதல் முறை. கதவு திறந்திருந்ததால் நடந்தது அது. புதிதாக மேலே வருகிறவர்களால் ஒன்றும் ஆகாது என்று இவர்கள் தாள் தைத்துக்கொண்டிருந்த அதே கோடையில் நடந்தது.

சரி, லண்டனின் 2024 என்னவாயிற்று? 27 சுற்று ஆடினார்கள். வாரா வாரம் அடிவாங்கினார்கள். மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். கடைசி இடம். பார்த்தீர்களா, மதிப்பெண் தாள் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர்களுக்கு ஓர் இடம் மேலே முடித்தது ஹல் எஃப்.சி. அவர்கள் எத்தனை ஜெயித்தார்கள்? மூன்று. இரண்டு அணிக்கும் ஒரே புள்ளிகள். அடித்ததுக்கும் வாங்கியதுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மேலும் கீழும். ஆனால் ஹல் எஃப்.சி. ஒரு நாள்கூடப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. சூப்பர் லீக்கின் மிக மோசமான இரண்டு அணிகளில் ஒன்று வெளியேறும் என்று பிப்ரவரிக்கு முன்பே தெரியும், மற்றது மெத்தையில் உட்கார்ந்திருக்கும் என்பதும் தெரியும். பல நூறு பவுண்டு கொடுத்து சீசன் சீட்டு வாங்கிய ஹல் ரசிகனைக் கேளுங்கள், அந்த 24 தோல்விகளில் எதற்காவது ஓர் அர்த்தம் இருந்ததா என்று. இறங்கிவிடுவோமோ என்ற பயம்கூட இல்லாத தோல்வி, வெறும் தொல்லை.

எதற்கும் பயனில்லை என்று தெரிந்தும் லண்டன் பையன்கள் அந்த மூன்று ஆட்டங்களை ஜெயித்தார்கள். தண்டனை முதலில், விசாரணை பிறகு என்று நடந்த ஒரு சீசனில் கடைசி வாரம் வரை ஓடியவர்களை முட்டாள்கள் என்று தாள் சொல்லும். அந்த அணியின் இடத்துக்கு வந்த வேக்ஃபீல்டு இரண்டாம் பிரிவை வென்ற அணிதான். பழைய முறை இருந்திருந்தாலும் வந்திருக்கும். அதையும் இந்த முறையின் சாதனை என்றே எழுதிக்கொண்டார்கள். கோழி கூவியதால்தான் விடிந்தது.

நிதிக்கு 4.5 மதிப்பெண் என்றேனே, அதன் அழகை 2025-ல் பார்த்தோம். முதல் 12-க்குள் தேறிய அணிகளில் ஒன்று சால்ஃபோர்டு. நிதி நெருக்கடியால் சம்பள உச்சவரம்பு போட்டு, இளைஞர்களை இறக்கி அவர்கள் ஆடிய முதல் ஆட்டம், பிப்ரவரி 15 அன்று, செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0. எழுத்துப்பிழை இல்லை. எண்பத்திரண்டு, பூஜ்யம். அப்புறம் மாதா மாதம் சம்பளம் தாமதம், ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றம். அந்த ஆண்டு முடிவதற்குள் வரிக் கடனுக்காக நீதிமன்றம் கழகத்தையே கலைத்தது. சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்களை ஒன்று ஒன்றாக எண்ணத் தெரிந்த கண்களுக்கு, சம்பளம் போடக் காசு இருக்கிறதா என்பது தெரியவில்லை. பரீட்சையில் தேறியவன் பிணமாகக் கிடக்கிறான். பரீட்சை வைத்தவர்கள் அடுத்த பரீட்சைக்குத் தாள் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. 2026-க்கு 12 அணிகளை 14 ஆக்குவது என்று முடிவாயிற்று. பிராட்ஃபோர்டு மதிப்பெண்ணில் உள்ளே வந்தது. மிச்சமிருந்த இரண்டு இடத்தை யாருக்குக் கொடுப்பது? மதிப்பெண் தாள் மட்டும் போதாது போலிருக்கிறது. ஒரு குழு போட்டார்கள். தலைவர் யார் தெரியுமா? பிரபுக்கள் சபையைச் சேர்ந்த கெய்ன் பிரபு. ஆலைத் தொழிலாளிகள் கனவான்களை உதறிவிட்டு வெளியே வந்த 1895-லிருந்து சரியாக 130 ஆண்டு. விண்ணப்பங்களைக் கட்டுக் கட்டாகக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பிரபுவின் முன்னால் அதே வடக்கத்திய கழகங்கள் வரிசையில் நின்றன. லண்டனும் நின்றது, ‘போய் வா’ என்றார்கள்.

பிரபுவின் குழு தேர்ந்தெடுத்த இரண்டு அணிகள் யார்க், துலூஸ். அந்த ஆண்டு இரண்டாம் பிரிவுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது யார்க். இறுதிப் போட்டியில் அதை 10-8 என்று வென்றது துலூஸ். ஆக, இத்தனை ஆலோசகர், இத்தனை மதிப்பெண், இத்தனை விண்ணப்பம், ஒரு பிரபு எல்லாம் சேர்ந்து கண்டுபிடித்தது, மழையில் நின்று ஆட்டம் பார்த்த எந்தக் கிழவனும் ஒரு கோப்பைத் தேநீர் விலைக்குச் சொல்லியிருக்கக்கூடிய பதிலை.

கழகத் தலைவர்களே, அடுத்த முறை இவ்வளவு சிரமம் வேண்டாம். சீசன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை வாங்குங்கள், கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள், பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள். மேலே இருப்பவன் ஏறட்டும், கீழே இருப்பவன் இறங்கட்டும். அது கஷ்டமாக இருந்தால் நாற்காலியை விட்டு நீங்கள் இறங்குங்கள். உங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் யாரும் மதிப்பெண் போடவில்லை?