உச்சியப் பாக்காத மருமவனே, அடியப் பாரு

மருமவனே, இந்தக் கிறிஸ்மஸுக்கு சார்லட்டுல இருந்து காரோட்டிப் போயி, வட கரோலினா ஆஷ் கவுண்டி மலையில ஒங்கையாலயே மரம் வெட்டிட்டு வரப் போறியாம்லா? ஒங்கம்மா போன்ல சொன்னா. பெருமையில அவளுக்குப் பேச்சே வரல. எனக்கும் சந்தோசந்தான். சரிஞ்ச வாழைக்கு முட்டுக் குடுக்கச் சொன்னா இடுப்பப் பிடிச்சுக்கிட்டுப் படுத்த பய, ரம்பத்தத் தூக்கிட்டான்னா சும்மாவா!

நாசரேத்துப் பக்கம் நமக்குக் கிறிஸ்மஸ் மரம்னா ஒரு சவுக்குக் கெளை. வாளியில மண்ணப் போட்டு நட்டு, கலர் பேப்பர வெட்டித் தொங்கவிட்டா சோலி முடிஞ்சுது. நீ வெட்டப்போற பிரேசர் பர் லேசுப்பட்டது இல்ல. தெற்கு அப்பலாச்சியன் மலை உச்சியில மட்டும் தானா மொளைக்கிற மரம். ஜான் பிரேசர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பேரு அதுக்கு. வட கரோலினாவுல கிறிஸ்மஸுக்குன்னு வளக்கதுல 90 சதவீதத்துக்கு மேல இதுதான்.

தோட்டத்துக்குள்ள போனதும் எல்லாரும் என்ன செய்வாக? நட்சத்திரம் குத்தத் தோதா இருக்கான்னு உச்சிய அண்ணாந்து பாப்பாக. பொண்ணு பாக்கப் போனவன் அவுக வீட்டு மச்சியப் பாத்துட்டு வந்த மாதிரி. நீ அடியப் பாரு.

அடியில அதோட வயசு இருக்கு. நாத்தங்கால்ல 4, 5 வருசம், பெறவு மலைச் சரிவுல 7, 8 வருசம். ஏழடி மரத்துக்குக் கிட்டத்தட்ட 12 வயசு. ஒங் கல்யாணத்துக்கு மூத்தது, மரியாதையாப் பேசு. வேர்ல தண்ணி நின்னா பைட்டாப்தோராங்கிற அழுகல் வந்து மரம் செவந்து செத்துரும், அந்த மண்ணுல மறுபடி நட்டாலும் வெளங்காது. அதனாலதான் தண்ணி வடியிற மண்ணாத் தேடி நடுதாக. கூம்பு வடிவும் தானா வரல. வருசா வருசம் ஜூலைக்கு மேல பண்ணையாளு நீளக் கத்தியச் சுத்திச் சுத்தி வீசிக் கழிச்சுவிட்டு வந்தது. ‘இயற்கையோட அழகு’ன்னு படம் போட்டு எழுதிராத, அந்த ஆளு சிரிப்பான்.

மலையில வானமே கூரை, எந்த மரமும் குட்டியாத்தான் தெரியும். ஒன் வீட்டுக் கூரை எட்டடின்னா ஸ்டாண்டுக்கும் நட்சத்திரத்துக்கும் ஓரடி கழிச்சு, ஏழடிக்கு மேல ஆசப்படாத. டேப்பக் கொண்டு போ. கண்ணளவ நம்பி வாங்குன சோபா இன்னும் ஒன் வீட்டு வாசப்படியில இடிக்கத்தான செய்யுது? அறுக்கணும்னா ஈரத்தரையில படுக்கணும். ஒம் பொண்டாட்டி மரத்த லேசாச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் ரம்பம் மாட்டாம ஓடும். போட்டோ எடுக்க வேற ஆளப் பாத்துக்க.

மலையேற முடியலன்னு கடையில வாங்குனாலும் குத்தமில்ல. ஆனா அது எப்பம் வெட்டுனதோ, கடைக்காரன் நேத்துன்னுதான் சொல்லுவான். நீ ஊசியிலைய மடக்கிப் பாரு, புதுசுன்னா டக்குன்னு ஒடியும். கெளைய உருவிப் பாரு, பச்ச ஊசி கையோட வரக்கூடாது. உள்ள பழுத்தது நாலு உதிரத்தான் செய்யும், ஒந்தலையில உதிரலியா?

வீட்டுக்கு வந்ததும் அடியில அரை அங்குலம் அறுத்து எறி. வெட்டுவாயப் பிசின் மூடியிருக்கும், அறுத்தாத்தான் தண்ணி ஏறும். தண்டு குறுக்களவு அங்குலத்துக்கு ஒரு லிட்டர் வச்சுக்க. நாலு அங்குலத் தண்டு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் கேக்கும். சீனி போடு, ஆஸ்பிரின் போடுன்னு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவாக. மரத்துக்குத் தலவலி இல்ல, வெறுந்தண்ணி போதும். ஹீட்டர் பக்கத்துல மட்டும் நிறுத்தாத. காஞ்ச மரத்துல தீப்பிடிச்சா அணைக்க நேரம் இருக்காது.

பண்டிக முடிஞ்சதும் கணப்புல போட்டு எரிக்காத, பிசின் குபீர்னு பத்தும். வாசல்ல வச்சா மாநகராட்சி வண்டி வந்து அள்ளிட்டுப் போயி, அரைச்சு மண்ணுக்கு மூடாக்காப் போட்டுரும். அதுக்கு முன்னால நட்சத்திரத்தக் கழட்டிரு. உச்சியப் பாத்துப் பாத்து மரம் எடுத்தவன் கடைசியில மறக்கது அதத்தான்.