அத்தையோடு கார்னிவலுக்குப் போகலாமா?

கேள்வி: டிரினிடாட் கார்னிவலுக்கு முதன்முறையாகப் போகிறேன். அத்தையும் வருகிறேன் என்கிறார். அரைகுறை உடை ஆட்டத்துக்குப் பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. அந்தத் தெருவே பெரியவர்கள் போராடிப் பெற்றதுதான். 1838-ல் முழு விடுதலை கண்ட ஆப்பிரிக்க மக்கள், எசமானர்களின் விழாவைத் தங்களுடையதாக்கினார்கள். 1881-ல் தீப்பந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடுத்தபோது எதிர்த்து நின்றார்கள். பிறகு அரசு தோல்முரசை அடக்கியது. அதனால் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். 1930-களில் தகர டப்பாவைத் தட்டத் தொடங்கி, பின்னர் எண்ணெய் பீப்பாயில் சுரம் பிரித்தார்கள்; அதுதான் ஸ்டீல்பேன். வாயை மூடினால் கை பேசும், கையைக் கட்டினால் கால் பேசும் என்று காட்டிய இந்த ஸ்டீல்பேன் வரலாற்றின் முன்னால் உடையின் அளவு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இன்று எல்லாம் மணியும் இறகும் வியாபாரமும்தானே என்பார்கள். செவ்வாய்க்கிழமை ஊர்வலத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் பொய்க்கால் மோக்கோ ஜம்பியும் நீலப் பூச்சுப் பேய்களும் இன்னும் ஆடத்தான் செய்கின்றன. திங்கள் விடியுமுன் நடக்கும் ஜூவேயில் சேறுதான் உடை. அங்கே அத்தைக்குப் பழைய சேலை போதும். அதற்கு முந்தைய சனி இரவு ஸ்டீல்பேன் இறுதிப்போட்டிக்கு அவரை முதலில் அழைத்துப் போங்கள்.