ஒன் டவுன் என்பவன் யார்? தேக்கா அணியை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் பேட்ஸ்மேன் எப்போதும் இறங்குகிறான். ஏழாவது ஆளை மூன்றாவது இடத்துக்கு ஏற்றினாலும் "அவனை முன்னாடியே இறக்கிட்டாங்க" என்றுதான் சொல்கிறோம். ஏற்றமே இறக்கமாகிவிடும் இந்த விந்தையை இலக்கண ஆசிரியர்கள் கண்டுகொள்ளாததால், ஒருநாள் ஆட்டத்தின் நெகிழும் பேட்டிங் வரிசையை ஆராயும் சுமை என் தலையில் விழுந்தது.

இத்துறையின் மூலத்தலம் சிங்கப்பூர். தேக்காவிலிருந்து ரயிலேறி சிட்டி ஹாலில் இறங்கினால் பாடாங் திடல். 1996 ஏப்ரல் 2 அன்று பாகிஸ்தானுக்கு எதிராக இலங்கையின் ஜெயசூரியா அங்கே 48 பந்தில் சதம் அடித்தார். அன்றைக்கு அது உலக சாதனை. இத்தனைக்கும் அவர் சுழற்பந்து வீசுவார் என்று அணிக்குள் வந்து, கீழ்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர். முதல் 15 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே பேர்தான் நிற்கலாம் என்ற அன்றைய விதியைப் பார்த்து இலங்கை அவரையும் களுவித்தாரணவையும் மேலே கொண்டுவந்தது. உலகக் கோப்பையே கிடைத்தது.

பாடாங் சதத்துக்கு ஐந்து நாள் கழித்து, அதே திடலில் அந்தத் தொடரின் இறுதியாட்டம், மீண்டும் பாகிஸ்தானோடு. ஜெயசூரியா 17 பந்தில் ஐம்பது. முதல் விக்கெட் விழும்போது ஸ்கோர் 70: ஜெயசூரியா 66, உதிரி 4, அவுட்டான களுவித்தாரண பூஜ்யம். எதிர்முனையில் ஒருவர் நிற்க வேண்டும் என்ற விதியை அவர் பிழையின்றி நிறைவேற்றினார் என்பது என் முடிவு. 216 எடுக்க வேண்டிய இலங்கை 172-இல் சுருண்டது. தலைவாழை இலையில் பாயசத்தை முதலில் ஊற்றினால் சாம்பாருக்கு என்ன கதியோ, அந்தக் கதி.

அந்த 48 பந்துச் சாதனை ஆறு மாதம்தான் நின்றது. அக்டோபரில் நைரோபியில், லெக் ஸ்பின் போட வந்த அப்ரிடியைப் பாகிஸ்தான் ஒன் டவுனில், அதாவது மூன்றாவது ஆளாக, இறக்கிவிட, 37 பந்தில் சதம். பதிவேட்டில் அவருக்கு அப்போது வயது 16. 2019-இல் வந்த சுயசரிதையில் வயதும் கூடிவிட்டது. நெகிழ்வு வரிசைக்கு மட்டுமே உரியதன்று.

இனி எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணி. கேப்டன் காலை ஏழு மணிக்குத் தேக்காவில் தே தாரிக் குடித்தபடி பில்லின் பின்பக்கம் வரிசை எழுதுவார். பதினோரு மணிக்கு டியூட்டி உள்ளவர் ஓப்பனர். கிட் பேகைக் காரில் ஏற்றி வருபவர் அவர் கேட்ட இடத்தில். இடக்கை, வலக்கை, பந்து வீசுவது யார் என்பதெல்லாம் டிவியில் பேசுகிறவர்களுக்கு.

ஆனால் முதல் விக்கெட் விழுந்ததும் அந்தச் சீட்டு செல்லாது. காரணம், எங்களிடம் இருப்பது மூன்றே ஜோடி பேட். (தமிழ் எழுத்தில் மட்டையும் பேட், காலில் கட்டுவதும் பேட், என் கோட்பாட்டுக்கு இந்த மயக்கம் மிகவும் உதவுகிறது.) இரண்டு ஜோடி உள்ளே ஆடுகிறது. மூன்றாவது எவன் காலில் இருக்கிறதோ அவனே ஒன் டவுன். அந்த மூன்றாவது ஜோடியில் ஒன்றுக்கு வெல்க்ரோ ஒட்டாது. சணல் கயிற்றால் கட்ட வேண்டும். அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆகும். ஒருமுறை கட்டியவனை எந்த வியூகமும் அசைக்க முடியாது.

போன வாரம் ஆறு ஓவரில் 60 ரன் வேண்டும். கேப்டன் எங்கள் சிக்ஸர் மன்னனைத் தேடினார், அவர் கழிவறையில். சணலோடு உட்கார்ந்திருந்தவர் ஒன்பதாம் ஆள், ஐம்பது வயது.

"அண்ணே, நீங்களா கட்டியிருக்கீங்க?"

"சும்மா அளவு பாத்தேன்டா."

"சரி, போங்கண்ணே."

போனார். மூன்று ஓவர் நின்றார், நான்கு ரன். தோற்றோம்.

இந்த ஆய்வாளர் அணியில் பதினோராவது ஆள். இந்த ஆண்டு இன்னும் ஒரு பந்துகூடச் சந்திக்கவில்லை. முஸ்தபா சென்டரில் ஒரு ஜோடி பேட் பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கட்டிக்கொண்டு ரயிலேறுவதாக உத்தேசம்.